கிளச் மிதித்தும் கியர் விழவில்லையா? பழைய காரின் மாஸ்டர், சிலேவ் பிழைகள் அறிகுறி வாரியாக

இது பிரேக் ஒயிலால் வேலை செய்யும் கிளச்சுக்கு மட்டும். பெடல் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டரை, அங்கிருந்து வரும் ஒயிலால் கிளச் நெம்பைத் தள்ளுவது சிலேவ் சிலிண்டர். மினி, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60, ட்ரையம்ப் ஹெரல்ட், லேண்ட் றோவர் சீரிஸ் 2 எல்லாம் இந்த வகை. மொறிஸ் மைனருக்கு இரும்புத் தண்டு, வொக்ஸ்வாகன் பீட்டிலுக்குக் கேபிள். அந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்கு இங்கே வேலையில்லை.

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையில், கல்லடியிலிருந்து கல்முனை வரை நிற்கிற கார்களில் அதிகம் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: "கிட் போட்டு மூன்று மாசம் ஆகல்ல, திரும்பவும் கசியுது." கிட் என்பது சிலிண்டருக்குள் போடும் புது றப்பர்த் தொகுதி. அனேகமாக அந்த றப்பரில் குற்றமில்லை. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழி போடும். குழி விழுந்த சுவரில் புதுக் கப் றப்பர் போடுவது ஓட்டைக் குடத்துக்குப் புது மூடி போடுவது போலத்தான். ஆகவே கிட் வாங்கப் போகுமுன் ஒரு அளவு எடுங்கள்.

எந்த அறிகுறிக்கும் முதல் சோதனை: சிலேவ் தண்டு எவ்வளவு நகர்கிறது?

ஒருவர் பெடலை அடிவரை மிதிக்க, மற்றவர் சிலேவிலிருந்து வரும் புஷ் றொட் நகரும் தூரத்தை இரும்பு அடிமட்டத்தால் அளக்க வேண்டும். மினியில் பொனட்டைத் திறந்தாலே சிலேவ் தெரியும். கேம்பிரிட்ஜுக்குக் கீழே போக வேண்டும். நமது பக்கத்து மணல் தரையில் ஜக் அப்படியே புதையும், அதனால் ஜக்குக்கும் ஸ்ரான்டுக்கும் அடியில் ஒன்றரை அங்குலக் கனப் பலகை வையுங்கள். தென்னங்குற்றியிலும் கொங்கிறீட் கல்லிலும் காரை ஏற்றிவிட்டு அடியில் படுக்க வேண்டாம்.

எவ்வளவு நகர வேண்டும் என்பதற்கு மெனுவல் இல்லாவிட்டாலும் கணக்கு இருக்கிறது. மாஸ்டரின் உள்விட்டத்தைச் சிலேவின் உள்விட்டத்தால் வகுத்து, வருவதை அதே எண்ணால் பெருக்குங்கள். பிறகு மாஸ்டர் தண்டு உள்ளே போகும் தூரத்தால் பெருக்குங்கள். மாஸ்டர் 5/8 அங்குலம், சிலேவ் 7/8 அங்குலம் என்றால் விகிதம் 0.51. மாஸ்டர் தண்டு 25 மி.மீ. போனால் சிலேவ் தண்டு 12 மி.மீ.க்குக் குறையாமல் வர வேண்டும். பல சிலிண்டர்களில் அளவு வார்ப்பிலேயே இருக்கும். இல்லாவிட்டால் வேர்னியரால் அளக்கலாம்: 5/8 என்பது 15.87 மி.மீ., 3/4 என்பது 19.05, 7/8 என்பது 22.2.

இனி, பெடலை மிதித்தபடியே ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

- தண்டு கணக்குப்படி வந்து அங்கேயே நிற்கிறது: ஒயில் பகுதியில் பிழையில்லை. இரண்டாவது அறிகுறியில் நெம்பு, தட்டு பற்றிய பகுதிக்குப் போங்கள்.
- வந்தது மெதுவாகத் திரும்பி ஊர்கிறது: ஒரு கப் றப்பர் ஒயிலைப் பின்னால் விடுகிறது, அல்லது எங்கோ கசிகிறது.
- குறைவாக வருகிறது, ஆனால் மூன்று நான்கு தரம் வேகமாக மிதித்தால் கூடுகிறது: எயார், அல்லது தேய்ந்த றப்பர்.
- எத்தனை தரம் மிதித்தாலும் அதே குறைந்த தூரம்: பெடல் பக்கத்து இணைப்பு ஆணியின் (கிளெவிஸ் பின்) தேய்வு, வீங்கும் ஹோஸ், அல்லது யாரோ மாற்றிப் போட்ட அளவு பொருந்தாத சிலிண்டர்.

சிலேவைக் கழற்றித் தொங்கவிட்ட நிலையில் பெடலை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வெளியே பாய்ந்து ஒயில் முழுக்கக் கொட்டிவிடும்.

அறிகுறி 1: பெடல் தரையோடு போய்க் கிடக்கிறது

*மாஸ்டரின் ஒயில் டப்பாவில் ஒயில் குறைகிறது என்றால்* கசிவு வெளியே தெரிய வேண்டும். இந்த ஒழுங்கில் பாருங்கள்:

1. பெடலுக்கு மேலே, மாஸ்டரின் தண்டு உள்ளே நுழையும் இடம். விரலால் தடவுங்கள். ஈரமாக, கொஞ்சம் வழுவழுப்பாக இருந்தால் மாஸ்டரின் பின் றப்பர் போய்விட்டது. சுவரில் பெயின்ற் கொப்புளித்து உரிந்திருந்தால் கசிவு நெடுநாளையது.
2. சிலேவின் வாயை மூடும் றப்பர் உறை (பூட்). நுனியை ஒரு சிறு ஸ்குறூ றைவரால் தூக்குங்கள். உள்ளே ஒயில் ததும்பினால் சிலேவ்.
3. பைப் மூட்டுகள். முதலில் ஸ்பானரால் பிடித்துப் பாருங்கள், பல இடங்களில் சும்மா தளர்ந்திருக்கும். இறுக்கியும் கசிந்தால் பைப் முனை வெடித்திருக்கிறது. அதற்கு மேலும் இறுக்க வேண்டாம்.
4. இரும்புப் பைப்பின் கிளிப் பிடித்த இடங்கள். உப்புக் காற்று கிளிப்புக்கு அடியில்தான் முதலில் தின்னும். புதுப் பைப் போடுவதானால் செம்பு-நிக்கல் கலவைப் பைப் கேளுங்கள்.

பைப் வாங்கும்போது புரியைக் கவனிக்க வேண்டும். பிரித்தானியக் கார்களில் 3/16 பைப்புக்கு 3/8 அங்குல 24 புரி, 1/4 பைப்புக்கு 7/16 அங்குல 20 புரி. யப்பான் கார்களில் 10 மி.மீ. நட், 1 மி.மீ. புரி. 10 மி.மீ. நட்டை 3/8 துளைக்குள் போட்டு, பிடித்ததும் சரியென்று நினைத்து இறுக்குவார்கள், சிலிண்டரின் புரி போய்விடும்.

*டப்பாவில் ஒயில் குறையவில்லை என்றால்* இரண்டே சாத்தியம்: எயார், அல்லது மாஸ்டருக்குள் கப் றப்பர் ஒயிலை முன்னாலிருந்து பின்னால் விடுகிறது. ஹோஸ் கிளாம்பால் றப்பர் ஹோஸை நெரித்துப் பிடித்துப் பெடலை மிதியுங்கள். பெடல் மேலேயே கெட்டியாக நின்றால் மாஸ்டர் நல்லது, பிழை கிளாம்புக்குக் கீழே. அப்போதும் தரைக்குப் போனால் மாஸ்டரைக் கழற்றலாம். நெரிக்க வைஸ்கிறிப்பைப் பாவித்தால் ஹோஸின் உள்சுவர் வெட்டுப்படும். கம்பி பின்னிய ஹோஸை எதனாலும் நெரிக்கக் கூடாது.

அறிகுறி 2: பெடல் நன்றாக இருக்கிறது, ஆனால் ரிவர்ஸ் போடக் கரகரக்கிறது

எஞ்சினை ஸ்லோவில் விட்டு, கிளச்சை மிதித்து ஐந்து எண்ணி, ரிவர்ஸ் போடுங்கள். ஐந்து எண்ணியும் கரகரத்தால் கிளச் முழுதாக விடவில்லை. 1968க்கு முந்திய மினிகளில் முதல் கியருக்கும் சிங்கிறோ (கியர் சத்தமில்லாமல் விழ வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) இல்லை, அந்தக் கியரில் ஓடும்போது போட்டு வரும் சத்தத்தை இதோடு குழப்ப வேண்டாம்.

சிலேவ் தண்டு குறைவாக நகர்ந்தால்:

- பெடலையும் மாஸ்டர் தண்டையும் இணைக்கும் கிளெவிஸ் பின்னைக் கழற்றிப் பாருங்கள். பழைய காரில் அது நடுவில் தேய்ந்து இடுப்புச் சிறுத்திருக்கும், துளை முட்டை வடிவாகியிருக்கும். பின்னில் 1 மி.மீ. தேய்வு பெடலில் 5, 6 மி.மீ. வீண் ஓட்டம். பின் மலிவு. நீள்வட்டமான துளையை லேத்தில் பித்தளை புஷ் போட்டுச் சரிசெய்யலாம். கிட்டுக்கு முன் இதைப் பாருங்கள்.
- எயார் இருக்கலாம். எடுக்கும் முறை கீழே.
- ஒருவர் மிதிக்கும்போது ஹோஸைக் கையால் பிடியுங்கள். ஊதுவது உள்ளங்கைக்குத் தெரிந்தால் ஹோஸை மாற்றுங்கள்.

சிலேவ் தண்டு சரியாக நகர்ந்தால்:

- மினியில் சிலேவ் தண்டு தொடும் நெம்பின் பந்து முனை தேய்வது வழமை. நெம்பைக் கையால் ஆட்டி வீண் ஆட்டத்தைப் பாருங்கள். பழைய வகை மினிக் கிளச்சில் நெம்புக்கும் நிறுத்தும் போல்ற்றுக்கும் இடையில் 0.020 அங்குலம் (0.5 மி.மீ.) இடைவெளி வைக்க வேண்டும்.
- மாரி முழுக்க நின்ற காரா? கிளச் தட்டு துருவால் பறக்கும் சக்கரத்தோடு (ப்ளைவீல்) ஒட்டியிருக்கும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். முன்னால் வெறும் வெளி இருக்கும் இடத்தில், கைபிரேக்கை இழுத்து, டொப் கியர் போட்டு, கிளச்சை அடிவரை மிதித்து, ஸ்டார்ட்டரை ஒரு தட்டு மட்டும் தட்டுங்கள். இரண்டு மூன்று தரத்தில் விடாவிட்டால் நிறுத்துங்கள். அதற்கு மேல் கியர் பொக்ஸ் இறங்க வேண்டும்.

அறிகுறி 3: முதல் மிதிக்கு இல்லை, இரண்டாம் மூன்றாம் மிதிக்கு வருகிறது

எயார் என்று எல்லோரும் சொல்வார்கள். முக்கால்வாசி சரி. ஆனால் எயாரை எடுத்து ஒரு கிழமையில் திரும்பவும் அதே நிலை என்றால், எயார் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். சோர்ந்த கப் றப்பர், பெடல் திரும்பி வரும்போது காற்றை உள்ளே இழுக்கும், வெளியே ஒரு சொட்டுக்கூட விடாது. சிலேவின் பூட்டுக்குள் ஒயில் இல்லை, ஆனால் மங்கலான ஈரப் பூச்சு இருக்கிறது என்றால் அதுதான். சிலேவைக் கழற்றுங்கள்.

இன்னொரு காரணம் வெட்கம் கெட்ட எளிய காரணம்: சிலேவைத் தலைகீழாகப் பூட்டியிருப்பார்கள். எயாரை வெளியேற்றத் திறக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் எத்தனை போத்தல் ஒயில் ஊற்றினாலும் எயார் மேலேயே நிற்கும்.

அறிகுறி 4: பெடல் மெதுவாக ஏறுகிறது, அல்லது எஞ்சின் கத்துகிறது, கார் இழுக்கவில்லை

கிளச் வழுக்கினால் உடனே தட்டு தேய்ந்ததென்று முடிவு கட்டி எஞ்சினை இறக்குகிறார்கள். முதலில் சிலேவின் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். அடைபட்டிருந்த ஒயில் சீறி வந்து, கார் திரும்பவும் இழுத்தால் தட்டில் குற்றமில்லை. அமுக்கம் டப்பாவுக்குத் திரும்பிப் போகவில்லை. காரணங்கள், மலிவானதிலிருந்து:

1. மாஸ்டர் தண்டுக்கு இளைப்பு இல்லை. தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் ஏறக்குறைய 1 மி.மீ. வேண்டும், பெடல் முனையில் அது 5 மி.மீ. அளவு ஆட்டமாகத் தெரியும். பெடலுக்கடியில் தடித்த காப்பெற் மடிந்து கிடந்தாலும் பெடல் முழுதாக மேலே வராது.
2. ஒயில் டப்பாவுக்குத் திரும்பும் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்து, பெடலை மிக இலேசாகத் தொடச் சொல்லுங்கள். லொக்கீட் வகை மாஸ்டரில் டப்பாவுக்குள் ஒயில் சிறிதாகக் கொப்புளிக்க வேண்டும். முகத்தை டப்பாவுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள்.
3. ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழிப் பாதையாகியிருக்கிறது. காலின் பலத்தில் ஒயில் போகும், ஸ்பிறிங்கின் பலத்தில் திரும்பி வராது. மாற்றுவது தவிர வழியில்லை.
4. பிரேக் மாஸ்டரின் கிட்டைக் கிளச்சுக்குப் போட்டுவிட்டார்கள். ட்றம் பிரேக் மாஸ்டரின் அடியில் வரும் சிறு வால்வு லைனில் கொஞ்சம் அமுக்கத்தைப் பிடித்து வைக்கும். கிளச் மாஸ்டரில் அந்த வால்வு இருக்கக் கூடாது.
5. வேறு ஒயில் ஊற்றியிருக்கிறார்கள். இதற்குத் தனியாகவே சொல்ல வேண்டும்.

*வேறு ஒயிலா என்று பார்ப்பது.* டப்பா மூடியின் உள் றப்பர் வீங்கி, கழற்றினால் திரும்ப மூடிக்குள் அடங்க மறுத்தால் சந்தேகப்படுங்கள். ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் எடுத்து, டப்பாவிலிருந்து நாலு சொட்டு விடுங்கள். பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். எஞ்சின் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் மேலே வளையமாக மிதக்கும். மிதந்தால் மாஸ்டர் கிட், சிலேவ் கிட், ஹோஸ், மூடி றப்பர் எல்லாம் குப்பைக்கு. பைப்பை ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும். அதே போத்தலால் பிரேக் டப்பாவையும் நிரப்பியிருந்தால் காரை இருந்த இடத்திலேயே விடுங்கள், ஒரு அடி ஓட்ட வேண்டாம். அது மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட வேண்டிய வேளை.

அறிகுறி 5: பெடல் கல் மாதிரி இருக்கிறது

பெடல் அச்சில் கிரீஸ் இல்லாமல் பிடிப்பது, நெம்பின் அச்சு துருப்பிடித்து இறுகுவது, சிலேவ் பிஸ்டன் போரோடு (சிலிண்டரின் உட்சுவர்) ஒட்டுவது, இந்த ஒழுங்கில் பாருங்கள். பெரிய விட்ட மாஸ்டரை யாரோ போட்டிருந்தாலும் பெடல் பாரமாகும். எல்லாம் இலகுவாக ஆடியும் பெடல் பாரம் என்றால் குற்றம் கிளச்சின் பிரெஷர் பிளேட்டில். கராஜ் வேலை.

அறிகுறி 6: புதுக் கிட் போட்டும் கசிகிறது

*புதுக் கிளச் தட்டு போட்ட கிழமையே சிலேவ் கசியத் தொடங்கினால்* ஆளை ஏச வேண்டாம். தட்டு தேயத் தேயச் சிலேவின் பிஸ்டன் போருக்குள் ஆழமாகப் போய் நிற்கும். புதுத் தட்டு வந்ததும் வெளிப்பக்கம் வந்து நிற்கும். அந்த வெளிப்பக்கம் வருடக்கணக்காக ஈரக்காற்றில் துருப்பிடித்த வளையம். கப் றப்பர் இப்போது அதன்மேல் ஓடுகிறது.

*சில நாளில் றப்பர் பஞ்சு போலானால்* பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவியிருக்கிறார்கள்.

*உடனேயே கசிந்தால்* கப் றப்பர் திசை மாறியிருக்கிறது, அல்லது சேர்க்கிளிப் (பிஸ்டனை உள்ளே நிறுத்தும் வளையக் கிளிப்) வாயின் கூர்விளிம்பு உதட்டை வெட்டியிருக்கிறது.

மீதியெல்லாம் போரின் குற்றம்.

பிரித்துப் பூட்டும்போது

தேவையானவை: சரியான கிட் இரண்டு, புதிதாகத் திறக்கும் 500 மி.லீ. டொட் 4 பிரேக் ஒயில் போத்தல், மெதிலேற்றட் ஸ்பிரிட், 600 எமறித் தாள், சேர்க்கிளிப் குறடு, இடைவெளி அளக்கும் பீலர் கேஜ், நூல் உதிராத துணி, ஒரு மீற்றர் தெளிந்த பிளாஸ்டிக் குழாய். போன வருடம் திறந்து வைத்த போத்தல் வேண்டாம், அது வாவிக் காற்றைக் குடித்து முடித்திருக்கும். டொட் 5 சிலிக்கோன் ஒயிலை இதோடு கலக்கக் கூடாது. பெயின்ற்றில் ஒயில் பட்டால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

கழற்றுமுன் வெளியை நன்றாகக் கழுவுங்கள். சேர்க்கிளிப்பை எடுத்ததும் உள்ளிருப்பவை தாமாக வராவிட்டால், ஒயில் வரும் துளையில் மிதிவண்டிப் பம்பால் காற்று அடியுங்கள். வாயைத் துணியால் மூடி, ஆளில்லாத பக்கம் பார்த்துப் பிடியுங்கள். கொம்பிரசர் காற்று தேவையில்லாத ஆபத்து.

வெளிவரும் ஒழுங்கிலேயே தாளில் அடுக்குங்கள். லொக்கீட் மாஸ்டரில் அடியிலிருந்து: ஸ்பிறிங், ஸ்பிறிங் தாங்கி, முன் கப், மெல்லிய வொஷர், பின் றப்பரோடு பிஸ்டன், நிறுத்து வொஷர், சேர்க்கிளிப், பூட். இரண்டு றப்பரின் உதடும் ஸ்பிறிங் பக்கம் பார்க்க வேண்டும். அந்த மெல்லிய வொஷர் தாளில் ஒட்டிக்கொண்டு தவறிவிடும், அது இல்லாமல் பூட்டினால் முன் கப் பிஸ்டன் தலையின் துளைகளுக்குள் உறிஞ்சப்பட்டுப் பிய்யும்.

இனிப் போர். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, ரோச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலிண்டர் காரில் எப்படிக் கிடந்ததோ அப்படியே பிடித்தால் அடிப்பக்கத்துச் சுவரில்தான் குழி தேடவேண்டும். கறுப்புக் கறை மட்டுமென்றால் பயமில்லை. விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடக்கினால் குழி. எந்த இடத்தில் என்பதும் முக்கியம்: கப்பின் உதடு ஓடாத ஆழத்தில் இருக்கும் குழி ஒன்றும் செய்யாது, ஓடும் பாதையில் ஊசிமுனையளவு குழியும் றப்பரை அரிக்கும்.

கறைக்கு 600 தாளைப் பிரேக் ஒயிலில் நனைத்து, விரலில் சுற்றி, சுற்று வாக்கில் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் ஒயிலுக்கு வாய்க்கால். அலுமினியச் சிலிண்டரைத் தேய்க்கவே கூடாது. தேய்த்த பின் பிஸ்டனை உள்ளே வைத்து, ஒடுங்கிய 0.006 அங்குல (0.15 மி.மீ.) பீலரை இடையில் விட்டுப் பாருங்கள். நுழைந்தால் அந்தப் போர் முடிந்தது.

முடிந்த போருக்கு இரண்டு வழி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் புதுச் சிலிண்டர் தேடலாம். படத்தை மட்டும் அனுப்பாமல் விட்டம், புரி, துளையின் பக்கம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பிரேக் மாஸ்டரும் கிளச் மாஸ்டரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கிடைக்காத மொடலுக்கு லேத்தில் துருப்பிடிக்காத உருக்கு அல்லது பித்தளை ஸ்லீவ் (உட்குழாய்) போடலாம். வேலை கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஸ்லீவ் போட்ட பிறகு டப்பாவுக்குப் போற சின்னத் துளைய எப்படித் துளைப்பீங்க, உள்பிசிறை எப்படி எடுப்பீங்க?" பதில் தடுமாறினால் சிலிண்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் துளையின் பிசிறு முதல் பத்து மிதியிலேயே கப்பைச் சீவிவிடும்.

பூட்டும்போது எல்லா றப்பரையும் புதுப் பிரேக் ஒயிலில் தோய்த்து விரலாலேயே ஏற்றுங்கள். றப்பர் உறைக்குள் சிவப்பு றப்பர் கிரீஸ் கொஞ்சம். வேறெந்தக் கிரீஸும் இல்லை.

எயார் எடுப்பது

டப்பாவை நிரப்பி, நிப்பிளில் குழாயை மாட்டி, மறுமுனையை ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். முதலில் நிப்பிளைத் திறந்து வைத்துத் தானாக வடியவிடுங்கள், பத்து நிமிடத்தில் பாதி எயார் போய்விடும். பிறகு இரண்டு பேர் வேலை. கீழே இருப்பவர் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும், சத்தமாக:

"அமத்து தம்பி."

"அமத்திட்டன் அண்ணே."

இப்போது நிப்பிளைத் திறந்து, குமிழி போனதும் பூட்டுங்கள்.

"பூட்டிட்டன், விடு."

பூட்டுமுன் காலை எடுத்தால் வெளியே போன எயார் திரும்ப உள்ளே வரும். பாதிப்பேருக்கு வேலை பிழைப்பது இங்கேதான். நாலு மிதிக்கு ஒரு தரம் டப்பாவைப் பாருங்கள்.

அரைப் போத்தல் ஒயில் போயும் பெடல் வராவிட்டால், நிப்பிளைப் பூட்டி, சிலேவைக் கழற்றி, நிப்பிள் மேலே பார்க்கப் பிடித்து, தண்டால் பிஸ்டனை மெதுவாக அடிவரை தள்ளுங்கள். டப்பாவில் குமிழிகள் எழும். டப்பா நிரம்பி வழியாமல் முதலே கொஞ்சம் எடுத்துவிடுங்கள்.

கையை எடுக்க வேண்டிய இடங்கள்

சிலேவ் தண்டு முழுத்தூரம் போயும் கிளச் விடவில்லை. பெடலில் கால் வைத்ததும் கியர் பொக்ஸ் பக்கம் உறுமல், காலை எடுத்ததும் நிற்கிறது: றிலீஸ் பேரிங். கிளச்சை மூடும் கூட்டின் (பெல் ஹவுசிங்) அடியிலிருந்து எஞ்சின் ஒயில் சொட்டி, கிளச் வழுக்கவும் செய்கிறது. சிலிண்டரின் பைப் புரி போய்விட்டது. இவை நாலும் தெரிந்த மெக்கானிக்குக்குரியவை. மினியில் எஞ்சினை இறக்காமலே கிளச்சைக் கழற்றலாம், ஆனால் பறக்கும் சக்கரத்துக்கு அதற்கென்ற புல்லர் வேண்டும். அது இல்லாத கராஜ் சுத்தியலை எடுக்குமுன் காரை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் பூட்டி ஓடத் தொடங்கிய பின், ஒரு கிழமை கழித்து இரண்டு றப்பர் உறையையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பூட்டும்போது பூசிய ஒயிலின் மெல்லிய ஈரம் இருக்கலாம். துடைத்துவிட்டு இன்னொரு கிழமை விடுங்கள். திரும்பவும் ஈரமென்றால் அந்தச் சிலிண்டரின் போரை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. மாரி தொடங்குமுன் கழற்றுங்கள்.